நான் வாசிக்காத இரண்டு வரிகள்

ரீச்சர்,

போன சனிக்கிழமை காலை என் மனிசி குளிர்க் கோட்டுகளை எல்லாம் கட்டிலில் குவித்து, மாதா கோவிலுக்குக் கொடுக்கவேண்டியதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் பூச்சி உருண்டை மணம். பூசைக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் நான் போடும் கறுப்புக் கோட்டின் உள்பையில் கையை விட்டவள், நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"இது ஆரின்ரை எழுத்து?"

"ரீச்சற்றை," என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

"என்ன எழுதியிருக்கிறா? தமிழ் எழுத்துத்தான். ஆனால் ஒரு சொல்லும் விளங்கேல்லை."

"கொண்டா. நான் வாசிக்கிறன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடத்துக்கு மேல். கையால் எழுதின ஒரு தாளுக்கு இந்த வசனத்தை என் வாயால் அவள் கேட்டதே இல்லை. தாளைத் தந்துவிட்டு, கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள். நல்ல மனிசி.

குசினி யன்னலோரம் இருந்து விரலை வைத்து வாசித்தேன். அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. எழுத்தைக் கூட்டக் கூட்ட வாயிலிருந்து இத்தாலிய மொழி வந்தது. இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதுதானே உங்கள் முறை. புள்ளிகளை நீங்கள் குட்டி வட்டமாகப் போடுவீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. எத்தனை பக்கம் எனக்காக எழுதித் தந்தீர்கள். உங்கள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாமலே, "நல்ல வடிவான எழுத்து, ரீச்சர்," என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. எனக்கு எழுத்து வந்து பதினொரு மாதம். இதை முதலில் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று ஆசை. மனிசிதான் படிப்பித்தாள். கடுகுப் பைக்கற், தமிழ்க் கடைக் கலண்டர், பேப்பரில் வரும் மரண அறிவித்தல் என்று எதைக் கண்டாலும் சத்தமாக வாசிக்கிறேன். "உந்த 'ழ'வுக்கு வாலை ஏன் இவ்வளவு நீட்டுறியள்? அறுபத்தொன்பது வயசிலை சோதினை எழுதப் போறியளோ?" என்று அவள் பகிடி பண்ணுவாள். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பஸ்ஸில் இருந்து கடைப் பலகையில் "மளிகை" என்று வாசித்த நாள், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவ்வளவு சந்தோசம்.

இந்தச் சந்தோசத்தை வைத்துக்கொண்டு எழுதவேண்டிய முதல் மடல் இப்படிப்பட்டதாக இருக்கிறது, ரீச்சர்.

இங்கே ஜான்-டலோன் சந்தையில் நாங்கள் சந்தித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இத்தாலிய முதலாளி ஒருவரின் மரக்கறி மேசையில் நான் நின்றேன். வயதான ஒருவரோடு நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் கையில் கத்தரிக்காயோடு பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவர் போனதும் கேட்டீர்கள்.

"நீங்க தமிழா? இத்தாலியன்ல இந்தச் சண்டை போடறீங்க?"

"சண்டை இல்லையம்மா. நேற்றுத் திண்ட தக்காளிக்கு இண்டைக்கு விலை குறைக்கச் சொல்லுறார். கதைச்சுப்போட்டு அனுப்பினன்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் முதலாளியும் திரும்பிப் பார்த்தார். இத்தாலியில் பலெர்மோ என்ற ஊரில் பதினொரு வருடம் மீன் சந்தையிலும் வீடுகளிலும் வேலை செய்ததைச் சொன்னேன். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து முப்பது வருடம் இங்கே பொருளாதாரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னீர்கள். அடுத்த கிழமையிலிருந்து நான் உங்களை ரீச்சர் என்றேன். நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பழகி என்னை "அண்ணை" என்றீர்கள். உங்கள் வாயில் அந்தச் சொல் கொஞ்சம் பகிடியாகத்தான் இருக்கும்.

இத்தாலியில் லீரா போய் யூரோ வந்த வருடம் அது. எங்கள் கோவில் மண்டபத்தில் இத்தாலிய வயோதிபர்கள் கிழமைக்கு ஒருநாள் கூடுவார்கள். ஓய்வூதியம் பற்றி ஒருமுறை நீங்கள் அங்கே பேசியிருந்தீர்கள். அவர்கள் உங்களை விடவில்லை. எங்கள் லீரா எங்கே போனது? புதுக்காசு அடித்தால் பழைய சேமிப்பு கரைந்துவிடுமா? அரசாங்கம் எடுத்துக்கொண்டதா? இதைத்தான் கேட்டார்கள். பாதி இங்கிலீசில், பாதிக் கையால்.

"பணம்னா என்ன, அது எங்கெல்லாம் இருக்கு, மாறினா என்ன ஆகும். இந்த மூணும் அவங்க மொழியிலேயே சொல்லணும், அண்ணை. நான் தமிழ்ல சொல்றேன். நீங்க இத்தாலியன்ல சொல்லுங்க. முடிஞ்சா ஒரு சின்னப் புத்தகமா அச்சடிச்சுக் குடுத்துடலாம்."

ஒரு பேராசிரியர் என்னிடம் உதவி கேட்டார். எட்டு வயதில் கடலுக்குப் போனவன் நான். எங்கள் ஊரில் எழுத்துத் தெரியாதவன் என்றால் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். மனிசியைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாமல் அதை மறைத்துக்கொண்டுதான் இரண்டு நாடு தாண்டி வந்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நடை பெரிதாக இருந்தது.

ஞாயிறு பின்னேரங்களில் ரயிலேறி, உங்கள் வீடு இருந்த ரொக்ஸ்பரோவில் இறங்குவேன். காரோடு வந்து நிற்பீர்கள். உங்கள் சாப்பாட்டு மேசையில் அகராதியும் தாளும் தயாராக இருக்கும். தாளை என் பக்கம் நீங்கள் முதல்முறை தள்ளியபோதே நான் சொல்லிவிட்டேன்: "கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன், ரீச்சர். வாசியுங்கோ, கேக்கிறன்." நான்கு கிழமையும் அதே கண்ணாடிதான் வீட்டில் கிடந்தது. நீங்கள் வாசிப்பீர்கள், நான் சொல்லுவேன், நீங்கள் தமிழ் எழுத்தில் எழுதுவீர்கள். ரயிலில் திரும்பும்போது முழுவதையும் மனதில் சொல்லிச் சொல்லி அடுக்கிக்கொள்வேன். எழுத்தில்லாதவனுக்கு ஞாபகம் அப்படி வேலை செய்யும். ஒரு சொல் சிந்தாது.

புழக்கத்திலுள்ள பணத்தின் மொத்தத்துக்கு அகராதியில் "மாஸ்ஸா மொனெத்தாரியா" என்று கண்டுபிடித்து வாசித்தீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்படிச் சொன்னால் அந்தக் கிழவியள் ஒரு பெரிய குவியலை நினைப்பினம். ஏதோ ஒரு கிடங்கிலை காசெல்லாம் கொட்டிக் கிடக்குது எண்டு."

"குவியலே கிடையாதே! அதுதான் நான் சொல்ல வர்ற விஷயமே. அப்போ எப்படிச் சொல்றது?"

"சந்தையிலை இண்டைக்கு எவ்வளவு தக்காளி இருக்கெண்டு என்னட்டைக் கேளுங்கோ."

"சரி, எவ்வளவு இருக்கு?"

"எந்தத் தக்காளி? மேசையிலை கிடக்கிறதோ? அது கையிலை இருக்கிற காசு. குளிர் அறையிலை அடுக்கியிருக்கிறதோ? அது வங்கியிலை, கேட்ட உடனை எடுக்கிறது. தோட்டத்திலை எங்களுக்கெண்டு பேசி வைச்சிருக்கிறதோ? அது தவணை வைச்ச காசு. கூப்பிட்டால் வரும், இண்டைக்கு வராது."

நீங்கள் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். "மேசையும் குளிர் அறையும் சேர்ந்தா எங்க பாடத்துல எம்-ஒன். தோட்டத்தையும் சேர்த்தா எம்-டூ. முப்பது வருஷம் பலகையில கோடு போட்டு நடத்தினேனே! நீங்க என் வகுப்புல வந்து உட்கார்ந்திருந்தா பாதி சாக்பீஸ் மிச்சமாயிருக்கும்." அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. லீரா சட்டப்படி செல்லாது என்பதற்கு நான், "இந்தக் காசு செத்துப்போச்சு எண்டு சொல்லுவம். அவைக்கு விளங்கும்," என்றேன்.

"இல்லை அண்ணை. செல்லாதுன்னா, கடைக்காரன் அதை வாங்கியே ஆகணும்னு கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். மதிப்பே போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அது வேற, இது வேற. மத்திய வங்கி மாத்திக் குடுக்குமான்னு நான் இன்னும் சரியா விசாரிக்கணும். அதுவரைக்கும் செத்துப்போச்சுன்னு சொல்லாதீங்க."

ஓம் என்றேன். படித்தவர்கள் மயிரைப் பிளப்பார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பேச்சு மே மாதத்தில். மண்டபத்தில் அறுபது பேர் இருப்பார்கள். வாசலில் வைத்து நீங்கள் ஒரு புதுத் தாளைத் தந்தீர்கள். உங்களுக்குத் தொண்டை அடைத்து இருமிக்கொண்டிருந்தீர்கள்.

"கடைசிப் பக்கத்தை மாத்தி எழுதிட்டேன், அண்ணை. நேத்து ஒரு வங்கியில விசாரிச்சேன். அங்க இருந்த இத்தாலியப் பொண்ணு போன்லயே சொல்லச் சொல்ல, அப்படியே தமிழ் எழுத்துல எழுதிக்கிட்டேன். ரெண்டு வரி புதுசு. அதை மட்டும் அப்படியே வாசிச்சுடுங்க." கைப்பையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "இது உங்களுக்குன்னு வாங்கினது. இன்னைக்கு மறந்துட்டேன்னு சொல்ல முடியாது பாருங்க!"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாசல் ஓரம், நீங்களும் நானும் மட்டும்தான். "ரீச்சர், எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்த ரெண்டு வரியையும் சொல்லுங்கோ," என்றால் முடிந்திருக்கும். எனக்கு ஒருமுறை கேட்டாலே போதும், மறக்காது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நல்ல வடிவான எழுத்து," என்றேன்.

பேச்சு நன்றாகப் போனது. தக்காளிக் கதைக்குக் கை தட்டினார்கள். கடைசிப் பக்கம் வரும்போது உங்களுக்கு இருமல் நிற்கவில்லை. என்னைக் காட்டிக் கையசைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனீர்கள்.

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பிடித்துக்கொண்டு, மனதில் இருந்த பழைய பக்கத்தைச் சொன்னேன். லீரா இனிச் செல்லாது, கடையில் வாங்கமாட்டார்கள். அதோடு பழைய பக்கம் முடிந்துவிட்டது. தாளின் கீழே இரண்டு வரி மிச்சமாக இருந்தது. நான் நிறுத்தவேண்டும். ஆனால் எல்லாரும் இன்னும் எதையோ எதிர்பார்த்துப் பார்த்தார்கள். சந்தையில் ஆட்களைச் சிரிக்க வைத்து விற்றவன் நான். சொன்னேன்: "இனி அது வெறும் கடதாசி. அடுப்பு மூட்டத்தான் ஆகும்!"

மண்டபம் சிரித்தது. நீங்கள் திரும்பி வரும்போது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரில் கேட்டீர்கள். "அந்த ரெண்டு வரிக்கு என்ன சொன்னாங்க?"

"சரியான சந்தோசம், ரீச்சர்."

அந்த இரண்டு வரியும் என்ன என்று அப்போதும் நான் கேட்கவில்லை. கேட்டால் பிடிபட்டுப்போவேன்.

ஓகஸ்ட் கடைசியில் இத்தாலியர்கள் தக்காளி சோஸ் காய்ச்சுவார்கள். முன்வரிசையில் இருந்து உங்கள் பேச்சைக் கேட்ட சிசிலிக்கார விதவை என்னிடம்தான் பெட்டி பெட்டியாக வாங்குவார். இத்தாலியர் முறைப்படி சிஞ்ஞோரா என்றுதான் நான் கூப்பிடுவது. பெட்டிகளை இறக்கப் போனபோது வீட்டின் பின்னால் பெரிய இரும்புப் பாத்திரத்தில் சோஸ் கொதித்துக்கொண்டிருந்தது, கீழே விறகு. அயல் பெண்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். என்னைக் கண்டதும் சிஞ்ஞோரா உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகர ரின்னைக் கொண்டுவந்தார். அதற்குள், ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வரும்போதும் அடுத்த பயணத்துக்கென்று கணவன் மிச்சம் பிடித்து வைத்த லீரா நோட்டுகள். மனுசன் செத்து மூன்று வருடம்.

அவர் இத்தாலியனில் சொல்வதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும். "நீ சொன்னது சரிதான்," என்றார். "உயிரோடை இருக்கேக்கை அந்தாள் ஒருநாளும் எனக்குச் சமைச்சுத் தந்ததில்லை. இண்டைக்காவது சமைக்கட்டும்!" ஒரு பிடியை எடுத்து நெருப்பில் போட்டார். பிறகு ரின்னைக் கவிழ்த்தார்.

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ரீச்சர். ஒரு நோட்டு வெளியே விழுந்தது. நான்தான் காலால் உள்ளே தள்ளினேன்.

ஒக்ரோபரில் நீங்கள் அடுத்த பேச்சுக்கு மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரா வந்தார். மருமகனின் தமையன் ஊருக்குப் போய்த் தன்னிடமிருந்த லீராவை மத்திய வங்கியில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டானாம். இன்னும் பல வருடத்துக்கு மாற்றலாமாம். நோட்டுக் கட்டு இருந்திருந்தால் தானும் ஒருமுறை ஊருக்குப் போய்வந்திருக்கலாம். உங்களைப் பார்த்து விரலை நீட்டினார். வந்திருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

"அடுப்பு மூட்டத்தான் ஆகுமெண்டு உன்ரை வாயாலை சொன்னது இந்தப் படிச்ச பொம்பிளை! என்ரை மனுசன்ரை காசை என்ரை கையாலையே எரிக்க வைச்சவள்!"

நீங்கள் என்னிடம் திரும்பினீர்கள். "என்ன சொல்றாங்க, அண்ணை?"

அப்போதுதான் அந்த இரண்டு வரியும் என்னவென்று எனக்கு விளங்கியது. 

"உங்கட பேச்சு நீளமாம், ரீச்சர். வயசான ஆக்களுக்கு இருக்கக் கஷ்டமாம்."

"அதுக்கா இப்படிக் கத்தறாங்க?" உங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினீர்கள். "ரொம்ப சாரின்னு சொல்லுங்க. என் தப்புதான்னு சொல்லுங்க. அடுத்த தடவை சரி பண்ணிக்கறேன்."

அதை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை. "தன்ரை பிழைதானாம். மன்னிக்கட்டாம்." கை கூப்பி நின்ற உங்களைப் பார்த்து எல்லாரும் நம்பினார்கள். எதற்கு மன்னிப்புக் கேட்டீர்கள் என்று அந்த மண்டபத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

அடுத்த கிழமை பேச்சை இருபது நிமிடமாகக் குறைத்து எழுதிக்கொண்டு வந்தீர்கள். கேட்க இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை ஒருவரும் இல்லை. சின்னப் புத்தகத்துக்கென்று நாங்கள் சேர்த்த சொற்கள் உங்கள் மேசையிலேயே கிடந்தன. "தெரியாத மொழியில போய் மூக்கை நுழைச்சுட்டேன் போல," என்று ஒருநாள் காரில் சொன்னீர்கள். நான் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பல வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டீர்கள். மெலிந்துபோயிருந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தக்காளி அம்மா சந்தையில என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறாங்களே. நிஜமா என்ன கோபம், அண்ணை?" என்றீர்கள்.

"அவ எல்லாரோடையும் அப்படித்தான், ரீச்சர்," என்றேன்.

நீங்கள் நம்பினீர்களா என்று தெரியாது. கையை எடுக்கவில்லை.

உங்கள் செத்தவீட்டுக்கு அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். பேச்சு நாளன்று உள்பையில் வைத்த தாள் அங்கேயே இருப்பது நெஞ்சில் தெரிந்தது. அந்தக் கிழமையே மனிசியிடம், "எனக்கு எழுத்துப் படிப்பி," என்றேன். இந்த வயதில் ஏன் என்று கேட்டாள். சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் அன்று மத்தியானம் என்னோடு இருந்து சாப்பிடவில்லை. பின்னேரம் ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "'அ'விலை தொடங்குவம்," என்றாள். தொடங்கினோம், விட்டோம், திரும்பவும் தொடங்கினோம்.  போன வருடம்தான் பிடிபட்டது. எழுத்து வந்த பிறகும் அந்தக் கோட்டுப் பையைத் திறக்க மட்டும் துணியவில்லை.

சனிக்கிழமை நான் வாசித்த இரண்டு வரியும் இதுதான், ரீச்சர். தமிழில் சொன்னால்: இத்தாலியின் மத்திய வங்கி லீராவை இன்னும் பல வருடங்களுக்கு மாற்றித் தரும். வீட்டில் வைத்திருப்பவர்கள் எறியவேண்டாம், ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்து மாற்றுங்கள்.

அடுத்தநாள் இத்தாலியப் பூசை முடிந்ததும் மண்டபத்துக்குப் போனேன். பதினைந்து பேர் வரையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அறுபது பேரில் மிச்சம் அவ்வளவுதான். சிஞ்ஞோரா இப்போது தள்ளுவண்டி பிடித்துத்தான் நடக்கிறார். பக்கத்தில் இருந்து தொடக்கத்திலிருந்து சொன்னேன். தாளையும் விரித்து அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டினேன். அவர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் உனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லேல்லை?"

"வெக்கம், சிஞ்ஞோரா."

"எனக்கும் தெரியாது, மடையா!" என்று கத்தினார். "இந்த மேசையிலை இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. வாசிக்கத் தெரிஞ்சிருந்தால் பேப்பரைப் பார்த்திருப்பம். உன்ரை வாயைப் பார்க்க ஏன் வந்தனாங்கள்?"

 அறுபது பேருக்கு முன்னால் நான் பொத்திப் பொத்தி மறைத்தது, அவர்களில் பாதிப் பேருக்கும் இருந்த ஒன்று. சிஞ்ஞோரா தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு குரல் இறங்கியது.

"காசை விடு. அந்த மனுசி சந்தையிலை என்னைக் கண்டால் எப்பவும் சிரிக்கும். நான் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பினன். இப்ப அதை ஆரிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறது?" கையால் மேசையைத் தட்டினார். "எழும்பு. எனக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போகேலாது. எல்லாருக்கும் சொல்லு."

எழும்பி எல்லாருக்கும் சொன்னேன். எரிக்கச் சொன்னது நான். ரீச்சர் எழுதினது சரி. மன்னிப்புக் கேட்டபோது அவவுக்கு ஒன்றும் தெரியாது.  ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் எழும்பி வெளியே போய்விட்டார். அவரும் எதையோ எரித்திருக்கலாம், எறிந்திருக்கலாம். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அவவின்ரை பேர் என்ன?" என்று சிஞ்ஞோரா கேட்டார். "நாங்கள் ப்ரொஃபெஸ்ஸோரெஸ்ஸா எண்டுதான் சொல்லுறது." பேராசிரியை என்று அர்த்தம், ரீச்சர்.

பிங்கோ விளையாட்டுக்கு இலக்கம் எழுதும் பலகையில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதினேன். ஒரு எழுத்தை அழித்துத் திரும்ப எழுதவேண்டி வந்தது. அந்த மண்டபத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், பிழையாக வந்தது. மூன்றாம் முறை சரியாக வரும்வரை நான் விடவில்லை.

இந்த மடலை எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கை ஓடாது. உங்களிடம் நான் நேரில் சொல்லாமல் விட்டதை இப்படிச் சொல்வதால் அது குறையப்போவதில்லை. கடைத்தெருவில் ஏதாவது ஒரு பலகையை வாசித்துச் சந்தோசப்படும் ஒவ்வொரு முறையும், ஆஸ்பத்திரியில் நீங்கள் எடுக்காமல் வைத்திருந்த அந்தக் கை என் கையில் பாரமாக இருக்கிறது. அது அங்கேதான் இருக்கவேண்டும்.

நான் வெளிக்கிடும்போது சிஞ்ஞோரா கோட்டைப் பிடித்து நிறுத்தினார். உங்களுக்கு எழுதப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். செத்தவருக்கு எழுதுவதை அவர் வேடிக்கையாக எடுக்கவில்லை. நான் சொல்வதையும் எழுது என்றார். அவர் சொன்னது இது:

"என்ரை மனுசன்ரை காசு போனதுக்கு எனக்கு இப்பவும் கோபம்தான் எண்டு அவவுக்குச் சொல்லு. ஆனால் கோபத்துக்கு ஆள் மாறிப்போச்சு எண்டும் சொல்லு."

அவர் சொன்னதில் ஒன்றையும் கூட்டவில்லை, ரீச்சர். ஒன்றையும் விடவும் இல்லை.